மெல்லச் செல்லும் படங்களும் நம் மக்களும்

(நம் கல்விச் சங்க வெள்ளி விழாவின் மாலை அமர்வில் நிகழ்த்திய உரை)



மாலைநேர வகுப்பாகத் தொடங்கிய நம் சங்கம் இன்று இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அதன் பணிகளைப் பற்றி எமக்கு முன் பேசியோர் விரிவாகக் கூறினார்கள். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. சில ஆண்டுகளாக நம் சங்கக் கூடத்தில் மாதம் ஒரு முறை வெண்திரை கட்டி, அயல்நாட்டுப் படங்களைப் பார்த்து வருகிறோம். அவற்றுள் பல மெல்லச் செல்பவை. சண்டை இல்லை, பாட்டு இல்லை, வசனமும் குறைவு. ஒருவர் நீர் சுமந்து மேடேறினால், ஏறி முடிக்கும் வரை படம் காத்திருக்கும்.

இதைக் கண்ட நம் இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். “படிப்பு, வேலை, போட்டித் தேர்வு என்று ஆயிரம் கவலைகள் நமக்கு இருக்கின்றன. இவை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு அல்லவா? ஒரு கல்விச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை?” என்பதே அக் கேள்வி. இது நியாயமான கேள்வி. இதற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

நாம் வளர்ந்த திரை

நம் ஊர்களுக்குப் படம் வந்தது டூரிங் கொட்டகை வழியாகத்தான். கீற்றுக் கூரை, மணல் தரை, ஒரே படக்கருவி. சுருள் மாற்றும் போதெல்லாம் ஓர் இடைவேளை. பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை ஓர் அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டினார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை கண்ட முதல் அரங்கு திரையரங்கே என்றும், அங்கே இருக்கையை முடிவு செய்தது பிறப்பன்று, கொடுத்த காசு என்றும் அவர் கருதினார். கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் தனியே நிறுத்தப்பட்ட நம் முன்னோர்க்கு, தரை டிக்கெட்டுக்குச் சில்லறை கொடுத்து அமர்ந்த அந்த மணல் சிறிய செய்தியன்று.

1931-இல் ‘காளிதாஸ்’ வந்தது முதல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது. 1952-இல் ‘பராசக்தி’ வந்தபோது, எழுத்தறியாத பலரும் அதன் வசனங்களை மனப்பாடமாகச் சொன்னார்கள். அச்சு வழியாகக் கிட்டாத செந்தமிழ், செவி வழியாக அவர்களை வந்தடைந்தது. ஆகவே, நம் படங்களைப் பழித்து அயல்நாட்டுப் படங்களைப் புகழ வந்தவர்கள் அல்லோம் நாம்.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பேசுவோர் முன்னால் நிற்கும் திரையில், உழைப்போர் பின்னணி ஆகிவிடுகிறார்கள். நாற்று நடும் பெண்கள் பாட்டு முடியும் வரை நடுவார்கள். பாட்டு முடிந்ததும் திரையை விட்டுப் போய்விடுவார்கள். அந்த நடவு எப்போது முடிந்தது, குனிந்த முதுகு எப்போது நிமிர்ந்தது, கூலி என்ன கிடைத்தது என்று பெரும்பாலான படங்கள் காட்டியதில்லை. காட்ட நேரமில்லை என்பார்கள். யாருடைய செயலுக்கு நேரம் ஒதுக்கப்படுகிறது, யாருடைய செயலுக்கு ஒதுக்கப்படவில்லை என்பதிலும் ஒரு மேல்கீழ் இருக்கிறது அன்றோ?

பொறுமை நமக்குப் புதிதன்று

மெல்லச் செல்லும் படத்தைப் பார்க்கும் பொறுமை பாமர மக்களுக்கு இல்லை என்று சிலர் கூறுவதுண்டு. அது உண்மைக்குப் புறம்பானது. இத் தாமிரபரணிக் கரையில் கொடை விழா என்றால் இரவெல்லாம் வில்லுப்பாட்டு நடக்கும். சுடலைமாடன் கோயில்களில் கணியான் கூத்து விடிய விடிய நிகழும். ஒரு கதையை முழு இரவும் விழித்திருந்து கேட்டு, மறு ஆண்டும் அதே கதையை அதே ஆவலோடு கேட்கும் மக்கள் நாம்.

நம் ஊரின் புகழே மௌனத்தில்தான் தொடங்குகிறது. நம்மாழ்வார் இவ்வூர்ப் புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் பேசாதிருந்தார் என்பது வைணவ மரபு. அம் மரத்தை உறங்காப்புளி என்பர். இங்குள்ள கோயிலில் நிகழும் அரையர் சேவையில், பாசுரத்தின் சொற்களை இசையாலும் அபிநயத்தாலும் நின்று நிதானித்து விரிக்கும் வழக்கம் உண்டு. நிதானத்தை இவ்வளவு போற்றிய ஊரில், அந்த நிதானத்தில் அமர்ந்து பங்குகொள்ளும் உரிமை எல்லோர்க்கும் இருந்ததில்லை. அதற்காக 1939-இலும் 1947-இலும் ஆலய நுழைவுச் சட்டங்கள் வரவேண்டியிருந்தன.

காத்திருத்தல் வேறு, கண்டிருத்தல் வேறு. நம் முன்னோர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் காத்திருந்தே கழித்தார்கள். கூலி அளப்பதற்காகக் களத்து மேட்டில் காத்திருந்தார்கள். சான்றிதழுக்காக அலுவலக வாசலில் காத்திருந்தார்கள். யாரேனும் வந்து நீர் ஊற்றும் வரை கிணற்றடிக்கு எட்ட நின்று காத்திருந்தார்கள். அந்த நேரம் அவர்களுக்குச் சொந்தமானதாக இல்லை. தம் விருப்பத்தால் இரண்டு மணி நேரம் அமர்ந்து, இன்னொரு மனிதரின் வாழ்வை முழுக் கவனத்தோடு பார்க்கும் நேரம் ஓய்வுடையோர்க்கே வாய்த்தது. உழைப்பவர்க்கும் அந்த நேரம் உரியது என்பதே நம் வாதம்.

அயல்நாட்டுப் படங்களும் நெடுங்காலம் அவ்வாறே சிலருக்கு மட்டும் கிட்டின. 1947-இல் சத்யஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். 1952-இல் இந்தியாவின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, சென்னை, டில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களிலும் நடந்தது. இத்தாலியப் படமான ‘சைக்கிள் திருடர்கள்’ அவ்விழாவில் காட்டப்பட்டது. இவையெல்லாம் பெருநகரத்தார்க்கும் ஆங்கிலம் கற்றோர்க்கும் எட்டிய வாய்ப்புகள். இன்று குறுந்தகடும் இணையமும் வந்தபின், நம் கூடத்துச் சுவரிலும் அப் படங்கள் ஓடுகின்றன. அவ்வாறு கண்டவற்றுள் மூன்றைப் பற்றி மட்டும் இங்கே கூறுவோம்.

நீர் சுமக்கும் தாய்

முதலாவது, கனேட்டோ ஷிண்டோ என்னும் ஜப்பானிய இயக்குநர் 1960-இல் எடுத்த ‘வெறுந்தீவு’. ஷிண்டோ ஹிரோஷிமா மாவட்டத்தில் 1912-இல் பிறந்து நூறு ஆண்டுகள் வாழ்ந்தவர். இப் படம் 1961-இல் மாஸ்கோ திரைப்பட விழாவில் பெரும் பரிசைப் பகிர்ந்து பெற்றது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் இதில் வசனம் ஏறக்குறைய இல்லை.

கதை மிகச் சிறியது. ஒரு சிறு தீவில் கணவன், மனைவி, இரு ஆண் பிள்ளைகள் என ஒரே குடும்பம் வாழ்கிறது. சுற்றிலும் கடல், குடிக்கவோ பயிருக்கு ஊற்றவோ நன்னீர் இல்லை. அயல் தீவுக்குப் படகில் சென்று நீர் மொண்டு, துடுப்பு வலித்துத் திரும்பி, தோளில் தடியிட்டு இருபுறமும் வாளிகளைத் தொங்கவிட்டுச் செங்குத்தான பாதையில் ஏறி, செடி செடியாக ஊற்றுகிறார்கள். ஊற்றிய நீரை மண் உடனே குடித்துவிடுகிறது. மறுபடியும் படகு, மறுபடியும் வாளி. படத்தின் தொடக்கத்தில் நெடுநேரம் இதுவே நடக்கிறது.

நம் கூடத்தில் இப் படம் ஓடியபோது, முன்வரிசையில் இருந்த தாய்மார்கள் பேச்சு இல்லையே என்று குறைப்படவில்லை. அப் பெண் பாதையில் கால் வைக்கும் போதெல்லாம் “பார்த்து, பார்த்து” என்று முணுமுணுத்தார்கள். “ஒரு ஓலைக் கீத்தப் போட்டுக்கிட்டா தண்ணி தளும்பாதுல்லா?” என்றார் ஒரு பாட்டி. பனையோலைத் துண்டைக் குடத்து நீரில் மிதக்கவிட்டுச் சுமந்து பழகியவர் அவர். திரைப்படக் கலை பற்றி நூல் எழுதும் அறிஞர்க்கும் தோன்றாத விமரிசனம் அது. அந்த நீரின் எடை எவ்வளவு என்று நம்முள் நன்கு அறிந்தவர் அவரே.

ஒரு நாள் அவள் கால் இடறி ஒரு வாளி நீர் கொட்டிவிடுகிறது. கணவன் அருகில் வந்து, அவளைக் கீழே விழும்படி அறைகிறான். அவள் எழுந்து மீண்டும் சுமக்கிறாள். பின்னர் மூத்த மகன் நோயுற்று இறக்கிறான். நாள்தோறும் தாய் படகில் ஏற்றிப் பள்ளிக்கு அனுப்பி வந்த பிள்ளை அவன். ஆசிரியரும் உடன் படித்த பிள்ளைகளும் படகில் வந்து அவனை அடக்கம் செய்வதில் கலந்துகொள்கிறார்கள். அதன்பின் ஒரு நாள், நீர் ஊற்றிக்கொண்டிருந்த தாய், வாளியைக் கவிழ்த்து, தான் வளர்த்த செடிகளைப் பிடுங்கி எறிந்து, மண்ணில் வீழ்ந்து கதறுகிறாள். இம்முறை கணவன் அவளை அடிக்கவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறகு தன் வாளியை எடுத்து ஊற்றத் தொடங்குகிறான். சற்று நேரத்தில் அவளும் எழுந்து ஊற்றுகிறாள்.

தொடக்கத்தில் அத்தனை நேரம் வெறும் நீர் சுமத்தலைக் காட்டியதன் பயன் இங்கே விளங்குகிறது. ஒவ்வொரு வாளியாக நாமும் அவளோடு ஏறியிருக்கிறோம். ஆகையால் அவள் கவிழ்த்த வாளி என்ன விலையுடையது என்று நமக்குத் தெரியும். இதையே விரைந்து காட்டியிருந்தால், ஒரு தாய் அழுதாள் என்று மட்டும் அறிந்திருப்போம்.

இப் பகுதி மக்களுக்கு இது தொலைதூரத்துக் கதையும் அன்று. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் கொட்டிய பெருமழையில் தாமிரபரணி கரை புரண்டபோது, சுற்றிலும் நீர் சூழ்ந்திருக்கக் குடிநீருக்குத் தவித்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் அத் தீவுக்கும் நம் சேரிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அந்த ஜப்பானியப் பெண்ணுக்கும் நீருக்கும் நடுவே கடல் இருந்தது. நம் பாட்டிமார்க்கும் நீருக்கும் நடுவே கடல் இல்லை. கிணறு கண்ணெதிரே இருந்தது. கை நீட்டத்தான் தடை இருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாட் நகரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதற்காக நம் மக்கள் தாக்கப்பட்டார்கள். குளத்துக்குத் தீட்டுக் கழிக்கப்பட்டது. இயற்கை வைத்த தொலைவைத் துடுப்பால் கடக்கலாம். மனிதர் வைத்த தொலைவைக் கடக்கப் போராட்டம் தேவைப்பட்டது.

கடனும் மொழியும்

இரண்டாவது படம், லூக்கினோ விஸ்கோந்தி 1948-இல் எடுத்த ‘நிலம் நடுங்குகிறது’. இத்தாலியின் தென்கோடியில் உள்ள சிசிலித் தீவில், ஆச்சி திரெத்சா என்னும் கடற்கரை ஊரின் மீனவர் கதை இது. 1881-இல் வெளிவந்த ஜோவான்னி வேர்காவின் நாவலைத் தழுவியது. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். அவ்வூர் மீனவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களுமே.

இரவெல்லாம் கடலில் உழைத்து மீன் கொண்டுவந்தால், மொத்த வியாபாரிகள் வைத்ததே விலை. ந்தோனி என்னும் இளைஞன் இதை எதிர்க்கிறான். மீனவர்கள் சினந்து, வியாபாரிகளின் தராசுகளைக் கடலில் வீசுகிறார்கள். பின்னர் அவன் குடும்ப வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். ஒரு புயலில் படகு சிதைகிறது, வீடு பறிபோகிறது. இறுதியில் அதே வியாபாரிகளிடம், அவர்களின் ஏளனச் சிரிப்புக்கிடையே, தம்பியரை அழைத்துக்கொண்டு கூலிக்குச் சேர்கிறான்.

புன்னைக்காயலில் நம் ஆறு கலக்கும் கடலும் இத்தகைய கதைகளை அறியும். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். பாண்டியர் காலம் தொட்டு அம் முத்துகள் புகழப்பட்டன. கொற்கையின் பெயர் கடல் கடந்து பரவியது. ஆனால் மூச்சடக்கி மூழ்கியவர் எத்தனை முறை மூழ்கினார், மேலே வந்து எப்படி மூச்சு வாங்கினார் என்று ஒரு முழு மூச்சின் நேரமும் பொறுத்து நின்று காட்டிய தமிழ்க் கதைப்படம் எதையும் நாம் கண்டதில்லை. முத்தைப் பாடியவர் பலர். மூழ்கியவரின் மூச்சை அளந்தவர் சிலரே.

இப் படத்தில் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி மொழி. அம் மீனவர்கள் பேசுவது அவர்கள் ஊர்ச் சிசிலியப் பேச்சு. இத்தாலியின் பிற பகுதியினர்க்கே அது விளங்காது. சிசிலியில் இத்தாலிய மொழி ஏழைகளின் மொழியன்று என்று படமே தொடக்கத்தில் அறிவிக்கிறது. அவர்கள் பேச்சை மாற்றாமல், பொது மொழியில் ஒரு விளக்கக் குரலைச் சேர்த்தார் இயக்குநர். நம் சேரிப் பேச்சைக் கேட்டால் சிரிக்க வேண்டும் என்று நெடுங்காலம் பழக்கப்படுத்தப்பட்ட நமக்கு, இது எண்ணத்தக்கது. வகுப்பறையில் வாய் திறக்கக் கூசும் நம் பிள்ளைகள், ஏழை தன் பேச்சிலேயே தன் வழக்கைச் சொல்வதை ஒரு முறையேனும் திரையில் காண வேண்டும்.

பள்ளிக்குச் செல்லும் சிறுவன்

மூன்றாவது, எர்மான்னோ ஓல்மி எடுத்து, 1978-இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதைப் பெற்ற ‘மரக்காலணி மரம்’. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பேசுவதற்கு இதனினும் பொருத்தமான படம் இல்லை எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வட இத்தாலியின் பேர்கமோ வட்டாரத்தில் ஒரு பண்ணை வீட்டில் நான்கைந்து உழவர் குடும்பங்கள் வாழ்கின்றன. வீடு, தொழுவம், நிலம், மரங்கள் எல்லாம் பண்ணையாருடையவை. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு. பத்திஸ்தி என்னும் உழவரின் மகன் அறிவுக் கூர்மை உடையவன். அவனைப் பள்ளிக்கு அனுப்பும்படி ஊர்ப் பாதிரியார் வற்புறுத்துகிறார். தந்தை தயங்குகிறார், ஒரு கை வேலைக்குக் குறையும் அல்லவா? ஆயினும் அனுப்புகிறார். நெடுந்தொலைவு நடந்து போகும் சிறுவனின் மரக்காலணி ஒரு நாள் பிளந்துவிடுகிறது. அவன் வெறுங்காலோடு வீடு வந்து சேர்கிறான். அன்றிரவு தந்தை யாரும் அறியாமல் சென்று, ஓடைக்கரையில் நின்ற மரம் ஒன்றை வெட்டி, அடுப்பருகே அமர்ந்து மகனுக்குக் காலணி செதுக்குகிறார். அவர் செதுக்குவதைப் படம் அவசரமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

வெட்டப்பட்ட அடிமரம் பின்னர் பண்ணையார் கண்ணில் படுகிறது. குடும்பம் முழுவதும் பண்ணையை விட்டு வெளியேற்றப்படுகிறது. தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றுகிறார்கள். மற்றக் குடும்பத்தார் வெளியே வருவதில்லை. வீட்டுக்குள் நின்று பிரார்த்தனை செய்கிறார்கள். வண்டி புறப்பட்டுப் போனபின்பே வெளியே வந்து, இருளில் அதன் விளக்கு மறைவதைப் பார்த்து நிற்கிறார்கள்.

படம் முடிந்தபின் நம் கூடத்தில் நெடுநேரம் எவரும் பேசவில்லை. ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கு ஒரு வீடே விலையாகும் என்பது நம் மூத்தோர் பலர் அறிந்த கணக்கு. ‘படிக்கப் போனால் மாட்டை யார் மேய்ப்பது?’ என்று கேட்ட பண்ணைகள் இங்கும் இருந்தன. அண்டை வீட்டாரின் அந்த மௌனத்தையும் நாம் அறிவோம். தீயவர்கள் அல்லர் அவர்கள்; அஞ்சியவர்கள். ஒரு குடும்பத்துக்கு அநீதி நேர்கையில் கதவுக்குப் பின்னால் நின்று பிரார்த்தனை செய்வதோடு நாம் நிறுத்திக்கொள்ளலாமா என்னும் கேள்வியை அப் படம் சொல்லாமல் கேட்கிறது. சங்கம் என ஒன்றை நாம் அமைத்துக்கொண்டதே, அடுத்த முறை கதவைத் திறந்து வெளியே வருவதற்காகத்தான்.

ஒரு மாணவியின் கேள்வி

மெல்லச் செல்வதாலேயே ஒரு படம் உயர்ந்ததாகிவிடாது. வறியவரை அசையாமல் நிறுத்தி, அவர் முகச் சுருக்கத்தை அழகு என்று காட்டி மகிழும் படங்களும் உண்டு. அவை நமக்கு வேண்டா. ‘வெறுந்தீவு’ படத்தின் மீதே நம் கூடத்தில் ஒரு கல்லூரி மாணவி கடுமையான கேள்வி எழுப்பினார். “அறை வாங்கியவள் ஏன் எழுந்து மறுபடியும் சுமக்க வேண்டும்? மகனை இழந்தவள் ஏன் மறுபடியும் ஊற்ற வேண்டும்? இது பொறுமையா, அடிமைத்தனமா? விதியே என்று கிட என்று நமக்குச் சொல்லிவந்ததையே இப் படமும் சொல்கிறதா?” என்றார்.

அக் கேள்வியை நாம் போற்றுகிறோம். தாங்கிக்கொள் என்னும் பாடத்தை நம் மக்களுக்கு இனி எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் நமக்குத் தோன்றியதையும் கூறுவோம். அப் படம் அவளை எழச் சொல்லவில்லை, எழுவதைக் காட்டுகிறது. அவள் சுமந்த ஒவ்வொரு வாளியையும் நம்மை எண்ண வைக்கிறது. எண்ணப்பட்ட உழைப்பைச் சோம்பல் என்று எவரும் சொல்ல இயலாது. இயல்பு என்று தள்ளவும் இயலாது. அந்த அறையையும் நம் கண் முன் மறைக்காமல் வைக்கிறது. உழைக்கும் வீட்டுக்குள்ளும் பெண்ணுக்கு ஓர் அநீதி இருக்கிறது என்பதை நம் ஆண்கள் அன்று தலை குனிந்து பார்த்தார்கள். கேள்வி கேட்கும் வேலையைப் படம் நம்மிடம் விட்டுவிட்டது. அந்த மாணவி அதைச் செய்தார். மெல்லச் செல்லும் படம் தந்த நேரத்தில் பிறந்த கேள்வி அது என்றே கருதுகிறோம்.

விஸ்கோந்தி மிலான் நகரத்துப் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். மீனவர் வாழ்வை அவர் அன்போடு பார்த்தார். ஆயினும் வெளியிலிருந்து வந்து பார்த்தவரே. நம் வாழ்வை நாமே பார்க்கும் காலம் இப்போது வந்துள்ளது. இதே தாமிரபரணிக் கரைப் பகுதியில் பிறந்த மாரி செல்வராஜ் 2018-இல் ‘பரியேறும் பெருமாள்’ படத்தைத் தந்தார். 2024-இல் வந்த அவருடைய ‘வாழை’யில், விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் கழுத்து வலியை நாம் கண்டோம். அவர் படங்கள் மெல்லச் செல்பவை அல்ல. எனினும் சுமையின் எடையை அறிந்தவை. பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருதைப் பெற்றது. கொளுத்தும் வெயிலில் தந்தையும் மகனும் நடக்கும் நடையே அப் படம். தாகத்துக்குச் சிறுவன் வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொள்கிறான். இறுதியில், ஊற்றுக் குழியில் கசியும் நீரைப் பெண்கள் சிறிது சிறிதாக அள்ளும் காட்சி. ஜப்பானியத் தீவில் கண்ட அதே பொறுமையான பார்வை, இங்கே தமிழ் மண்ணில், தமிழ் வெயிலில் பிறந்திருக்கிறது.

இளைஞர்களுக்குச் சில சொற்கள்

இளைஞர்களே, கைப்பேசி இன்று உங்கள் பார்வையைச் சில வினாடிகளுக்கு ஒரு முறை பறித்துச் செல்கிறது. தேர்வுத்தாளை நிதானமாகப் படித்துப் பொருள் காணவும், எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும் வரை கேட்கவும், ஓர் ஆவணத்தில் ஒளிந்திருக்கும் அநீதியைக் கண்டுபிடிக்கவும் நீண்ட கவனம் வேண்டும். அக் கவனத்தைப் பழகும் களங்களுள் ஒன்றாக இப் படங்களைக் கொள்ளுங்கள்.

அயல்மொழி என்று அஞ்ச வேண்டா. வசனம் குறைந்த படத்துக்கு மொழியும் பெரிய தடையன்று. படம் தொடங்குமுன் ஒருவர் எழுந்து நாடு, காலம், கதை ஆகியவற்றைத் தமிழில் பத்து நிமிடம் சொன்னால் போதும். ஓடும்போது கைப்பேசியை அணைத்து வையுங்கள். சலிப்பாக இருக்கிறதென்று ஓட்டித் தள்ளாதீர்கள். சலிப்புத் தோன்றும் அந்த நிமிடத்தில் திரையின் ஓரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். படம் முடிந்ததும் கலைந்து போகாமல் அரை மணி நேரம் பேசுங்கள். முதலில் பெண்கள் பேசட்டும்; அடுத்து, பள்ளிப் படியேறாத மூத்தோர் பேசட்டும். நூலில் கிட்டாத அறிவு அவர்களிடம் இருக்கிறது என்பதை அந்த ஓலைக் கீற்றுச் சொல்லிவிட்டது.

இன்னும் ஒன்று. உங்கள் கையில் உள்ள கருவி படம் பிடிக்கவும் வல்லது. உங்கள் பாட்டியோ தாயோ செய்யும் ஒரு வேலையை, அவர்கள் இசைவு பெற்று, தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் எடுங்கள். வாழைத்தார் இறக்குவதாயினும் சரி, நாற்று முடி பிடுங்குவதாயினும் சரி, தெருக் குழாயில் வரிசை வைத்து ஒரு குடம் நிரப்பி வீடு சேர்ப்பதாயினும் சரி. பாட்டுச் சேர்க்காதீர்கள். அவர்கள் பெயரையும் நாளையும் எழுதி வையுங்கள். அவற்றைச் சங்க நூலகத்தில் நூல்களோடு சேர்த்துக் காப்போம். நம் முன்னோர் உழைத்த உழைப்புக்குக் கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை. எத்தனையோ கோயில்களுக்கும் அணைகளுக்கும் மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. இனி வரும் தலைமுறையேனும் ‘என் பாட்டி இவ்வாறு உழைத்தார்’ என்று கண்ணாரக் கண்டு சொல்லட்டும்.

நம் கல்விச் சங்கம் பொன்விழாவும் காண்க! அவ் விழாவில் நம் பிள்ளைகள் எடுத்த படங்கள் இக் கூடத்தில் ஓடுக!